பகுதி என்றால் பாதியா? – முழங்கால் பகுதி மாற்று அறுவை சிகிச்சையும் அதன் விளைவுகளும்

நம் வீடுகளில் மூட்டு வலி இல்லாத பாட்டியைக் காண்பது அரிது. தைலம் தேய்த்தும், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தும், "வயசானா வரத்தான் செய்யும்" என்று சொல்லியும் நாள்களைக் கடத்துபவர்களே அதிகம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் பாட்டியும் அப்படித்தான் இருந்தார். படியேற முடியாத நிலை வந்தபோதுதான் மருத்துவமனைக்குச் செல்லச் சம்மதித்தார்.

அப்போது நான் ஆறாம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்தேன். உடன் சென்றவள் நான்; மொழிபெயர்த்தவளும் நான். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, முழங்காலின் உட்பக்கம் மட்டுமே தேய்ந்துள்ளது, அதனால் மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று மலாயில் விளக்கினார். அவர் சொன்ன 'செபாஹாகியான்' என்ற சொல்லை நான் 'பாதி' என்று பாட்டியிடம் சொன்னேன்.

"பாதியை மாத்திட்டு மீதியை என்ன பண்ணுவாங்க? அரைகுறை வேலையெல்லாம் எனக்கு வேணாம்மா" என்று பாட்டி எழுந்துவிட்டார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழ் படித்தவள், இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல் படித்தவள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டேன். இன்று உயிர்மருத்துவப் பொறியியல் மாணவியாக அந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்தபோதுதான், அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது விளங்கியது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டின் மூன்று அறைகள்

முழங்கால் ஒரே மூட்டுப்போல் தோன்றினாலும், அதனுள் மூன்று அறைகள் உள்ளன என்று கொள்ளலாம். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முழங்கால் சில்லுக்குப் பின்னால் மற்றொன்று. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடக்கும்போது உடல் எடையின் பெரும்பகுதி உட்பக்க அறையில்தான் இறங்குகிறது. ஆகவே தேய்மானமும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.

முழு மாற்றில் தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு ஆகியவற்றின் முனைகள் முழுவதும் சீவப்பட்டு உலோகம் பொருத்தப்படும். மூட்டின் நடுவில் சிலுவைபோல் குறுக்கே செல்லும் இரண்டு நார்களில் முன்னது பொதுவாக நீக்கப்படும். பகுதி மாற்றில் தேய்ந்த அறைக்கு மட்டுமே உலோகமும் நெகிழித் தட்டும் பொருத்தப்படும். நல்ல அறைகளும் நார்களும் அப்படியே இருக்கும். ஆக, 'பகுதி' என்பது வேலையின் பாதி அன்று. நோய் இருக்கும் இடம் முழுவதும் என்பதே சரி.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் உருவாக்கிய அசையும் தட்டு கொண்ட மூட்டு 1976-இல் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. ஓர் அறைக்கு மட்டும் அதைப் பொருத்தும் முறை 1982-இல் தொடங்கியது.

இச்சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. தேய்மானம் ஓர் அறைக்குள் அடங்கியிருக்க வேண்டும். நார்கள் உறுதியாக இருக்க வேண்டும். முடக்குவாதம்போல் மூட்டு முழுவதையும் தாக்கும் நோய் இருக்கக்கூடாது. 60 வயதைத் தாண்டியவராகவும் 82 கிலோவுக்குக் குறைந்தவராகவும் இருக்க வேண்டும் என்று 1989-இல் வகுக்கப்பட்ட விதிகள் பின்னர் வந்த ஆய்வுகளால் பெரிதும் தளர்ந்துவிட்டன.

விளைவை எப்படி அளப்பது?

ஓர் அறுவை வெற்றி பெற்றதா என்பதை யார் சொல்வது? எக்ஸ்ரே படமா, மருத்துவரா, நோயாளியா? 1998-இல் வெளியான ஆக்ஸ்ஃபர்டு முழங்கால் மதிப்பெண் என்னும் முறை அந்த உரிமையை நோயாளிக்கே கொடுத்தது. அதில் 12 கேள்விகள் உள்ளன. இரவில் வலிக்கிறதா, கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா, படியிறங்க முடிகிறதா, மண்டியிட்டு எழ முடிகிறதா என்பன போன்ற அன்றாடக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. மதிப்பெண் கூடினால் மூட்டு நலம்.

மற்றோர் அளவுகோல், பொருத்திய மூட்டு எத்தனை ஆண்டு நிலைக்கிறது என்பது. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, முழு மாற்று மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடும் பகுதி மாற்று மூட்டுகளில் சுமார் 70 விழுக்காடும் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன.

ஆய்வுகள் சொல்வது

2014-இல் லான்செட்டில் வந்த மற்றோர் ஆய்வு, இங்கிலாந்து, வேல்ஸ் தேசிய மூட்டுப் பதிவேட்டிலிருந்து பகுதி மாற்று செய்துகொண்ட 25,334 பேரை, அவர்களை ஒத்த 75,996 முழு மாற்று நோயாளிகளோடு ஒப்பிட்டது. பகுதி மாற்று பெற்றவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் குறைவு; கடுமையான சிக்கல்கள் குறைவு; இறப்பும் குறைவு. ஆனால் எட்டாண்டுகளில் மூட்டை மீண்டும் மாற்ற வேண்டிய நிலை இவர்களுக்குச் சுமார் இருமடங்கு. ஆய்வாளர்கள் இதை எளிமையாகச் சொன்னார்கள்: முழு மாற்று பெறும் 100 பேருக்குப் பகுதி மாற்று செய்தால், முதல் நான்கு ஆண்டுகளில் இறப்பு ஒன்று குறையும்; மறு அறுவை மூன்று கூடும்.

பதிவேட்டு ஆய்வில் ஒரு குறை உண்டு. உடல்நலம் கூடியவர்களையே பகுதி மாற்றுக்கு மருத்துவர்கள் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க, பிரிட்டனில் 27 மருத்துவ மையங்களில் 528 நோயாளிகளுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 'டாப்கேட்' எனப்படும் அதன் ஐந்தாண்டு முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. பகுதி மாற்று பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 38. முழு மாற்று பெற்றவர்களுடையது 37. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மறு அறுவையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பகுதி மாற்றுக்கு, ஒரு நோயாளிக்குச் சராசரியாக 910 பவுண்டு செலவு குறைந்தது.

இருமடங்கு என்பதன் பொருள்

அப்படியானால் பதிவேடு காட்டும் அந்த 'இருமடங்கு' எங்கிருந்து வந்தது? இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, மீண்டும் மாற்றுவதன் எளிமை. பகுதி மாற்று வலித்தால் அதை முழு மாற்றாக ஆக்க வழியுண்டு. ஆகவே மருத்துவர் துணிகிறார். முழு மாற்று வலித்தாலோ, அடுத்த அறுவை கடினமானது, ஆகவே தயங்குகிறார். நியூசிலாந்துப் பதிவேட்டை வைத்து 2010-இல் வெளியான கட்டுரை இதைக் காட்டியது. மதிப்பெண் 20-க்கும் குறைந்து மிகவும் துன்புற்றவர்களுள், பகுதி மாற்று பெற்றவர்களில் சுமார் 63 விழுக்காட்டினருக்கு மறு அறுவை நடந்தது. முழு மாற்று பெற்றவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கே நடந்தது. அதாவது, மறு அறுவை நடக்கவில்லை என்பதால் மட்டும் நோயாளி நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர் அந்தக் கணக்கில் வெற்றியாகவே பதிவாகிறார்.

இரண்டாவது, கைப்பழக்கம். தாம் செய்யும் முழங்கால் மாற்றுகளில் ஐந்தில் ஒரு பங்கையேனும் பகுதி மாற்றாகச் செய்யும் மருத்துவர்களிடம் மறு அறுவை குறைவு. எப்போதாவது ஒன்று செய்பவர்களிடம் அது கூடுதல்.

இவற்றோடு உண்மையான காரணங்களும் உண்டு. மாற்றாத அறைகள் பின்னாளில் தேயலாம். பொருத்திய உலோகம் தளரலாம். இவற்றை மறைப்பது நேர்மையாகாது.

நம் பாட்டிகள் கேட்கும் கேள்வி

அன்று பாட்டி மருத்துவரிடம் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கோயில்ல சம்மணம் போட்டு உட்கார முடியுமான்னு கேளு."

ஆக்ஸ்ஃபர்டின் 12 கேள்விகளில் அது இல்லை. காரில் ஏறி இறங்குவது இருக்கிறது. தரையில் சம்மணமிடுவது இல்லை. கேள்வி எங்கே பிறந்ததோ, அங்குள்ள வாழ்க்கையைத்தான் அது அளக்கும். நார்கள் காக்கப்படுவதால் பகுதி மாற்றில் மூட்டு கூடுதலாக மடங்குவதும், சொந்த மூட்டைப்போல் உணர்வதும் உண்டு. ஆயினும் அசையும் தட்டு வகையில் தட்டு விலகும் ஆபத்து, தரையில் அமர்வதும் குந்துவதும் வழக்கமாக உள்ள ஆசிய நோயாளிகளிடம் கூடுதல் என்று பேசப்படுகிறது. ஆகவே பாட்டியின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. கேட்க வேண்டிய கேள்வியே.

உடன் செல்பவர் கேட்க வேண்டியவை

நம்மில் பலர் நாளை பெற்றோரை, தாத்தா பாட்டியை அழைத்துச் செல்லப் போகிறவர்கள். அப்போது இவற்றைக் கேளுங்கள்:

1. தேய்மானம் எந்த அறையில்? மற்ற அறைகளும் நார்களும் நலமா?
2. பகுதி மாற்று பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஏன்?
3. ஆண்டுக்கு எத்தனை பகுதி மாற்றுகள் நீங்கள் செய்கிறீர்கள்?
4. தரையில் அமர்வது, குந்துவது, மண்டியிடுவது – எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?
5. இப்போது வேண்டாம் என்றால், காத்திருப்பதால் என்ன மாறும்?

ஐந்தாவது கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து வலி தாங்காமல் பாட்டி மீண்டும் சென்றபோது, தேய்மானம் மற்ற அறைகளுக்கும் பரவியிருந்தது. முழு மாற்றே வழி என்றார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. இன்று பாட்டி துணையின்றி நடக்கிறார்; கோயிலில் மட்டும் நாற்காலியில் அமர்கிறார். பகுதி மாற்று செய்திருந்தால் சம்மணமிட்டிருப்பார் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. என் ஒரு சொல்லால் அது நழுவியது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். நான்காமவர் பெரும்பாலும் நாமே. ஆண்டுதோறும் தமிழ் விழா நடத்தும் நாம், மூட்டு, நார், தேய்மானம், பகுதி ஆகிய எளிய சொற்களைச் சரியான இடத்தில் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வதும் தமிழ்ப்பணியே. இதை எழுதி முடித்ததும் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார்.