கிணறு வற்றினால் யாரைக் கேட்பது?
நிலத்தடி நீர் பற்றிய ஒரு பாடம்

காணுதல்

கடந்த வரட்சிக் காலத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு குடியேற்றத்துக்குச் சென்றிருந்தோம். மண்சரிவு அபாயத்தினால் தோட்ட லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், அதில் வாழை, மரக்கறி, கொஞ்சம் மிளகு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு.

அந்தக் கிணற்றடியில் ஒரு தாய் எம்மிடம் சொன்னார்: "லயத்துல இருந்தப்ப பீலியில வருசம் பூராவும் தண்ணி வந்துச்சு சாமி. இங்க வந்து நாங்களே இந்தக் கெணத்த வெட்டுனோம். ரெண்டு வருசம் நல்லா ஊறிச்சு. கீழ வயல்ல மாணிக்கக் குழி எறக்குனாங்க. அன்னையிலருந்து வாளி சேத்துலதான் முட்டுது."

குழிக்காரரிடமும் போய்ப் பேசினோம். "இந்த வருடம் மழை குறைவு. எல்லாக் கிணறும்தான் வற்றியிருக்கிறது" என்றார்.

இருவரில் யார் சொல்வது சரி? எம்மால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. குழி இறக்குவதற்கு முன் கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்பதை எவரும் அளந்து எழுதி வைத்திருக்கவில்லை. சாட்சி இல்லாத வழக்கில் ஏழையே தோற்கிறான். இதுவே இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது.

சிந்தித்தல்

நீர் எங்கே இருக்கிறது?

நிலத்துக்கடியில் பெரிய குளம் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அப்படி இல்லை. சப்ரகமுவவின் அடியில் இருப்பது கடினமான பழம் பாறை. அதன்மேல் பாறை உக்கி உண்டான மண் போர்வை போல மூடியிருக்கிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஒரு பகுதி இந்த மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் ஊறி நிற்கிறது. நமது கிணறுகள் குடிப்பது இந்த நீரைத்தான். போர்வை தடிப்பானதல்ல, ஆகவே சேமிப்பும் பெரிதல்ல.

குழி எப்படிக் கிணற்றைக் குடிக்கிறது?

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். தோண்டிய பள்ளத்திலிருந்து நீரை இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள மணலிலிருந்து நீர் அதை நோக்கி ஓடி வரும். பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருந்தால் அதன் நீர் இறங்கிவிடும்.

மாணிக்கக் குழியிலும் இதுவே நடக்கிறது. இரத்தினக்கற்கள் 'இல்லம்' எனப்படும் கூழாங்கற் படையில் கிடக்கின்றன. அந்தப் படை சில இடங்களில் ஓரிரு மீற்றரிலும், சில இடங்களில் 10 மீற்றருக்குக் கீழேயும் இருக்கும். பெரும்பாலும் அது வயலுக்கும் ஓடைக்கும் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. பம்பியை நிறுத்தினால் குழி நிரம்பிவிடும். எனவே வேலை நடக்கும் வரை பம்பி ஓடியாக வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 3 லீற்றர் இறைக்கும் பம்பி ஒன்று 10 மணித்தியாலத்தில் 108,000 லீற்றரை வெளியேற்றும். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 250 லீற்றர் என வைத்தால், அது 432 குடும்பங்களின் ஒரு நாள் நீர். இறைத்த நீர் சேற்றோடு ஓடையில் சேர்ந்து களு கங்கையில் போய் விழுகிறது.

எல்லாக் குழியும் எல்லாக் கிணற்றையும் வற்றச் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. தூரம், குழியின் ஆழம், இடையிலுள்ள மண், இறைக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது அது. களிமண் நடுவே இருந்தால் பாதிப்புக் குறையலாம். மணலும் கூழாங்கல்லும் இருந்தால் கூடும். குழியை முறையாக மூடி இறைப்பு நின்றபின், நல்ல மழையோடு நீர்மட்டம் பெரும்பாலும் மீண்டு வரும். மூடாமல் விட்ட குழியோ பிள்ளைகளை விழுங்கக் காத்திருக்கும் பள்ளமாகிறது.

பிற இடங்களில் கற்ற பாடம்

நமது மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில் இதே கேள்வி இன்னும் பெரிதாக எழுந்தது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் மன்னார்குடியைச் சுற்றி 691 சதுர கிலோமீற்றர் பரப்பில் மெதேன் வாயு எடுக்க 2010 இல் ஒரு கம்பனியோடு இந்திய மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாட்டார் இதை மீத்தேன் திட்டம் என்பர்.

நிலக்கரிப் படைக்குள் இந்த வாயு நீரின் அழுத்தத்தால் அடைபட்டுக் கிடக்கிறது. வாயுவை விடுவிக்க முதலில் நீரை இறைக்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். வெளிவரும் நீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது. வயலில் விட்டால் மண் கெடும். மேலேயுள்ள நன்னீர்ப் படைக்கும் கீழேயுள்ள நிலக்கரிப் படைக்கும் தொடர்பு இருந்தால் விவசாயியின் கிணறும் இறங்கும்.

காவிரி விவசாயிகள் எழுந்தனர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று விளக்கினார். அந்தப் பணியின் நடுவே பட்டுக்கோட்டைப் பகுதியில் 2013 டிசம்பர் 30 ஆம் திகதி காலமானார். மாநில அரசு 2013 இல் நிபுணர் குழு அமைத்து, 2015 ஒக்ரோபரில் திட்டத்தை நிராகரித்தது. 2020 இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது. துளை போடுவதற்கு முன்னரே கேள்வி கேட்டதால் கிடைத்த பலன் இது.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இந்த வாயு பெருமளவில் எடுக்கப்படுகிறது. அங்கே கம்பனி முதலில் விவசாயியின் கிணற்றை அளந்து பதிய வேண்டும். பின்னர் தன் வேலையால் கிணறு கெட்டால் ஆழமாக்கியோ, வேறு நீர் கொடுத்தோ, பணமாகவோ ஈடு செய்ய வேண்டும். இது சட்டம். முதலில் அளவு, பிறகு வழக்கு என்ற ஒழுங்கைக் கவனியுங்கள்.

நமது நாட்டில் அகழ்ந்தெடுக்கத் தக்க நிலக்கரி இல்லை. மெதேன் அகழ்வு நம்மை நாடி வராது. ஆனால் ஒன்றை அடைவதற்காக நிலத்து நீரை வெளியேற்றும் வேலை இங்கும் உண்டு. பக்கத்து ஊவா மாகாணத்தில் உமா ஓயா சுரங்கப் பாதை தோண்டியபோது 2014 டிசம்பரில் பாறை வெடிப்பு வழியே நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதிக்கு வந்தனர். 2024 ஏப்ரலில் அத்திட்டம் திறந்து வைக்கப்பட்டது. வற்றிய கிணற்றின் சொந்தக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பவுசர் நீருக்காகக் காத்திருந்ததை மறக்கலாகாது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்

தோட்டச் சம்பளம் போதாமல் நமது இளைஞர்களே மாணிக்கக் குழியில் பங்குக்கு இறங்குகிறார்கள். அண்ணன் இறங்கும் குழி தங்கையின் கிணற்றை வற்றச் செய்யலாம். ஆகையால் குழிக்காரரைப் பகைவராகக் காட்டுவது நமது நோக்கமல்ல. பிழைப்பும் நீரும் இரண்டும் வேண்டும். அதற்கு ஒழுங்கு வேண்டும். 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையே அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. குழியை மூடுவதற்கான வைப்புப் பணமும் அறவிடப்படுகிறது. அனுமதி இல்லாத குழிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

செயற்படல்

1. கிணற்றை அளப்போம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கிணற்று விளிம்பில் ஓர் அடையாளம் இட்டு, அங்கிருந்து நீர்மட்டம் வரை அளவுங்கள். வாரம் ஒரு நாள், விடியற்காலையில், எவரும் நீர் அள்ளுமுன் செய்ய வேண்டும்.

2. கொப்பியில் எழுதுவோம். திகதி, அளவு, அந்த வாரம் மழை பெய்ததா, பம்பி ஓடியதா என்ற நான்கும் போதும். பாடசாலைப் பிள்ளை ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம்.

3. ஒப்பிடுவோம். போயா நாளிலும் புத்தாண்டு விடுமுறையிலும் பம்பி ஓயும். மழையில்லாமலே அந்த நாட்களில் கிணறு ஏறினால், மீண்டும் பம்பி ஓடியதும் இறங்கினால், காரணம் வானத்தில் இல்லை. குழியிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு கிணற்றையும் அளந்தால் சாட்சி இன்னும் வலுக்கும். இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால் குழிக்காரர் சொன்னதே சரியாக இருக்கலாம். அதையும் ஏற்க வேண்டும்.

4. எழுத்தில் கேட்போம். முறைப்பாட்டைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் அதிகாரசபைக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை பெறுங்கள். அனுமதிப்பத்திரத்தின் விபரத்தை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது முடிவைச் சொல்ல வேண்டும்.

5. முன்கூட்டியே பேசுவோம். புதிய குழி இறக்கப் போகிறார்கள் எனத் தெரிந்தவுடன் ஊர்க் கூட்டம் கூட்டிக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேர இறைப்பு, எப்போது மூடுவது, கிணறு வற்றினால் என்ன ஏற்பாடு என்பதை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

முதலில் சொன்ன குடியேற்றத்தில் அந்தத் தாயின் மகள் இப்போது வாரந்தோறும் கயிற்றை இறக்குகிறாள். கொப்பியில் சில பக்கங்கள் நிரம்பியுள்ளன. கிணறு இன்னும் நிரம்பவில்லை. ஆனால் அடுத்த முறை "மழை குறைவு" என்று எவராவது சொன்னால், அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

குழுக்களில் கலந்துரையாட

1. நமது ஊரில் பீலிகளும் கிணறுகளும் எத்தனை? முன்பு இருந்து இப்போது வற்றியவை எவை? எப்போது வற்றின?

2. நமது கிணற்றைச் சுற்றி நீர் இறைக்கும் வேலைகள் எவை நடக்கின்றன? அவற்றில் நமது பிள்ளைகள் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

3. வரும் ஞாயிறு முதல் கயிற்றை இறக்கப் போவது யார்? கொப்பி யார் வீட்டில் இருக்கும்?