பார்ப்பவனுக்கு என்ன லாபம்?

இளமறிவியல் (இயற்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவர்

விளையாட்டு உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்கு ஊக்கத்தையும் தருவது என்பதை யாவரும் அறிவோம். கோப்பையுடன் நிற்கும் வீரர்களின் படங்கள் ஆண்டுதோறும் நம் மலரை அணி செய்கின்றன. ஆனால் ஆடுகளத்தின் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வற்றக் கத்தியவர்களைப் பற்றி எழுதுவார் இல்லை. நான் எந்த அணியிலும் இடம் பெறாதவன். கோட்டுக்கு வெளியே நிற்பவன். அந்த உரிமையில் இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

சிறுசேரியிலிருந்து பஸ் மாறி நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு நம் கபடி அணி வெளியூர் சென்று ஆடியபோது, உடன் சென்ற எட்டு மாணவர்களில் நானும் ஒருவன். அன்று வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிட்டது. என் தந்தை சாப்பிடாமல் காத்திருந்தார். "ஆடுறவன் ஆடுறான். பாக்கப் போன உனக்கு இன்னாடா லாபம்?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நூறாண்டு வழக்கம்

மாணவர்கள் தம் அணியின் பின்னால் திரள்வது நேற்று தோன்றிய வழக்கம் அன்று. இலங்கையில் ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டி 1879-இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் சமர்' 1904-இல் தொடங்கியது. கல்லூரி என்று பெயர் கொண்டாலும் இவை பள்ளிகளே. உள்நாட்டுப் போரின் காரணமாக யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் இப்போட்டி தடைப்பட்டது. மீண்டும் நடந்தபோது கொடியும் மேளமும் பாட்டுமாக மாணவர்களும் திரும்பி வந்தார்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள்கூட இதற்காக ஊர் வருவதுண்டு. இரு அணியிலும் ஆடுவோர் இருபத்திரண்டு பேர்தாம். ஆனால் போட்டியை நூறாண்டு கடந்தும் வாழவைத்திருப்பது சுற்றி நிற்பவர்களின் பற்றே ஆகும்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 1898-இல் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. அப்போது ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் முழங்கச் செய்தார். இன்று உலகெங்கும் காணும் ஆரவாரக் குழுக்களுக்கு அதுவே தொடக்கம் என்பர். வென்ற அணிக்காக அன்று. தோற்றுக்கொண்டிருந்த அணிக்காகவே அக்குரல் எழுந்தது என்பது நாம் கருதத்தக்கது.

இயற்பியல் கூறும் கணக்கு

"நாம் எட்டுப் பேர், அவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். நம் குரல் யார் காதில் விழும்?" என்று அன்று ஒரு நண்பர் கேட்டார். இதற்கு வகுப்பில் படித்த பாடமே விடை தருகிறது. ஒருவருக்குப் பதில் பத்துப் பேர் அதே உரத்தில் கத்தினால் ஒலி அளவு 10 டெசிபெல் கூடும். நூறு பேர் கத்தினாலும் 20 டெசிபெல்தான் கூடும். ஆனால் திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறைந்துவிடும். இதன்படி, 16 மீட்டருக்கு அப்பால் நிற்கும் நூறு பேரின் ஒலியும், 5 மீட்டரில் நிற்கும் பத்துப் பேரின் ஒலியும் ஆட்டக்காரரின் காதில் ஏறத்தாழச் சமமே. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. களத்தின் நடுவில் நிற்பவருக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே 5 மீட்டர்தான். ஆகவே ஆள் குறைவாக உள்ள கல்லூரி, அனுமதித்த அளவுக்குக் கோட்டருகே நின்றால் போதும்.

ஆரவாரம் ஆட்டக்காரரை மட்டுமன்றி நடுவரையும் தொடுகிறது. இங்கிலாந்தில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் படம் காட்டப்பட்டது. ஒரு சாரார் கூட்டத்தின் ஓசையுடனும், மறுசாரார் ஓசையின்றியும் பார்த்தனர். ஓசையுடன் பார்த்தவர்கள் உள்ளூர் அணியின்மீது சுமார் 15 விழுக்காடு குறைவாகவே தவறு கண்டனர். படித்துத் தேர்ந்த நடுவரையே அசைக்கும் வலிமை கூட்டத்தின் குரலுக்கு உண்டு என்றால், அக்குரலை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது சிறிய செய்தி அன்று.

நான் வெட்கப்படும் ஒரு சொல்

அன்றைய ஆட்டத்தில் நாம் பின்தங்கியபோது, எதிரணி ஆட்டக்காரர் ஒருவரின் நிறத்தைக் கேலி செய்து நானும் ஒரு சொல் கத்தினேன். எங்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என்னைப் போல் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து பஸ் ஏறி வந்தவராகத்தான் இருப்பார். நம் அணிக்கு அச்சொல்லால் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததை அதன்பின் படித்து அறிந்தேன். 271 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 258-இல் ஆட்டமிழந்தது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. கண்ணெதிரே வெற்றி நழுவிய அந்தக் கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்நிகழ்ச்சியால் சென்னை ரசிகர்கள் பெற்ற நற்பெயர் இன்றும் பேசப்படுகிறது.

மாமல்லபுரத்தில் 2022-இல் நடைபெற்ற 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டை இங்கு நினைவுகூரலாம். சதுரங்க அரங்கில் பார்வையாளர் வாய் திறத்தல் ஆகாது. ஓசையின்றி நின்று பார்ப்பதே அங்கு ஆதரவு. ஆட்டத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ளத் தெரிந்தவரே நல்ல ரசிகர்.

கல்லூரிப் பற்று எது?

கல்லூரிப் பற்று என்ற பெயரில் தவறான வழியில் செல்வோரும் உளர். பஸ் தடத்தின் பெயரால் குழு சேர்த்து, 'ரூட் தல' என்று பட்டம் சூட்டிக்கொண்டு, வேறு கல்லூரி மாணவர்களுடன் மோதும் செய்திகளைச் சென்னை நாளிதழ்களில் படிக்கிறோம். 2019 ஜூன் மாதம் 'பஸ் டே' கொண்டாட்டத்தில், பஸ் கூரைமேல் ஏறியிருந்த மாணவர்கள் சாலையில் சரிந்து விழுந்த காட்சியைத் தமிழகமே கண்டது. அவர்களிடமும் பற்று இல்லாமல் இல்லை. அது நிற்பதற்கு நல்ல இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் விளையாட்டு மைதானம் என்பது என் கருத்து.

நம் நண்பர்கள் போட்டிகளுக்கு வராததற்கும் காரணங்கள் உண்டு. மாலையில் வேலைக்குச் செல்வோர் பலர். கடைசி பஸ்ஸைத் தவறவிட முடியாதோர் பலர். மாணவியர் அணி ஆடும்போது கோட்டருகே நிற்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே எல்லோரும் எல்லாப் போட்டிகளுக்கும் வரவேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் முறைவைத்து இருவர் வந்தால் போதும். மாணவியர் அணிக்கும் அவ்வாறே வரவேண்டும். பத்துப் பேருக்குள்ள வலிமையை மேலே கண்டோம்.

அன்று நம் அணி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அணித்தலைவர் முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எங்களிடம் வந்தார். "பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. மூன்றாண்டுகளாக ஆடும் அவருடைய ஆட்டத்தை, அவர் வீட்டார் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதைத் திரும்பும் வழியில் அறிந்தேன். அவர்களுக்கு அன்றாடக் கூலியை விட்டு வர இயலாது. அன்று அவருக்காக வந்தவர்கள் நாங்கள் எட்டுப் பேரே.

என் தந்தைக்கு இப்போது விடை சொல்லிவிட்டேன். "அவனோட வீட்டு ஆளுங்களால வர முடியலப்பா. அதான் நாங்க போனோம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த தடவ போறப்ப முன்னாடியே சொல்லிட்டுப் போ" என்றார்.

நண்பர்களே, அடுத்த போட்டிக்கு நீங்களும் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். கோட்டருகே இடம் இருக்கிறது.