கடல்பாசி பூச்சியைக் கொல்லுமா?

"சார், இந்தப் பாசி மருந்து அடிச்சா மிளகாயில இலைப்பேன் செத்துருமா?" என்று பக்கத்து வயல்காரர் பாட்டிலோடு வந்தார். அடமானப் பத்திரம் படித்துப் படித்து வந்த பழக்கம், லேபிளை முழுசாகப் படித்தேன். பொட்டாசியம், வளர்ச்சி ஊக்கி என்றுதான் இருந்தது. பூச்சி என்ற சொல்லே இல்லை. அது கடைக்காரர் வாயால் சேர்த்தது.

பாசிக்கு அந்தக் குணமே கிடையாதா என்றால், உண்டு. எல்லாப் பாசிக்கும் இல்லை. ஆஸ்திரேலியக் கடலில் டெலிசியா புல்க்ரா என்று ஒரு சிவப்புப் பாசி. அதன் மேல் பாக்டீரியா அதிகம் படியாது. பாக்டீரியாக்கள் வேதிப்பொருளை விட்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, ஆள் சேர்ந்த பிறகுதான் படலம் கட்டும். இந்தப் பாசியின் ஃபுரனோன் அந்தப் பேச்சைக் கெடுத்துவிடுகிறது. கொல்வதில்லை, கூட்டணியை உடைக்கிறது!

லாமினேரியா என்ற பழுப்புப் பாசியில் லாமினாரின் இருக்கிறது. ஐரோப்பாவில் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற பொருள். இதுவும் பூஞ்சாணத்தை நேராகக் கொல்லாது. எதிரி வந்துவிட்டான் என்று பயிரை நினைக்கவைத்து, அதன் சொந்த எதிர்ப்பைக் கிளப்பும். அதனால் நோய் வருமுன் அடித்தால்தான் பலன்.

நிஜமாகவே பூச்சியைக் கொல்வது டோமோயிக் அமிலம். ஜப்பானின் தென்தீவுகளில் கோண்ட்ரியா அர்மாட்டா என்ற பாசியைக் குடல்புழுவுக்குக் கொடுத்தார்கள். ஈ கொல்லவும் வைத்தார்கள். 1958இல் அதிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தார்கள். கரப்பானையும் கொல்லும் என்று பின்னால் தெரிந்தது. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்ற நூறு பேருக்கு மேல் படுத்தார்கள், 3 பேர் இறந்தார்கள், சிலருக்கு ஞாபகசக்தி போனது. சிப்பி தின்ற நுண்பாசியில் இருந்ததும் இதே அமிலம்தான். இயற்கையில் கிடைப்பதாலேயே சாது என்று நம்மவர்கள் பேசும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நம்மூர் பாட்டிலுக்கு வருவோம். பெரும்பாலும் அது ராமநாதபுரம் கரையில் மூங்கில் மிதவையில் வளர்க்கிற கப்பாஃபைகஸ் சாறு. பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. பயிருக்குச் சாப்பாடு, இலைப்பேனுக்கு விஷம் இல்லை. நான் பச்சைச் சாறு என்றால் பத்து லிட்டர் தண்ணிக்கு அரை லிட்டர் கலந்து, பூ எடுக்குமுன் தெளிக்கிறேன். கெட்டிச் சாறுக்கு லேபிளில் போட்ட அளவுதான். இலைப்பேனுக்குத் தனியாக நீல ஒட்டுப்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும்.

சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு பாசிச் சாறு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் ஊக்கி. பூச்சியைக் கொல்லும் என்று விற்றால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். கடையில் அந்த எண்ணைக் கேளுங்கள், பில்லும் கேளுங்கள்.

கரையில் ஒதுங்கிய பாசி கிடைத்தால் நல்ல தண்ணியில் இரண்டு மூன்று தடவை அலசி, உப்புப் போனதும் மட்கு குழியில் சாணத்தோடு போடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே போய் அள்ள வேண்டாம்.