முழங்கால் உயரம் விட்டு வெட்டு

திருமங்கலம்,
பங்குனி 27

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் பேசியதில் பாதி குக்கர் விசிலோடு போய்விட்டது. அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படி.

திருப்பூர் வீட்டு வாசலில் இரண்டு வருடத்துக்கு முன் வைத்த குண்டுமல்லி ஆள் உயரம் வளர்ந்தும் பூவே காணோம் என்கிறாய். அதைப் பிடுங்கிவிட்டு டைல்ஸ் ஒட்டினால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்கிறார் மாப்பிள்ளை. பூ வேண்டுமென்றால் தெருமுனையில் முழம் வாங்கிக்கொள்ளலாமே என்று அவர் கேட்பதிலும் தப்பில்லை. மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற மல்லி, கோடையில் கூடை கூடையாக வந்து சீப்படுகிறது. கணக்குப் பார்த்தால் உன் செடி தோற்றுத்தான் போகும். ஆனாலும் இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல். அதற்குள் நான் சொல்வதைச் செய்து பார்.

உன் செடிக்கு நோய் எதுவும் இல்லை. நீ அதை ஒரு தடவைகூட வெட்டவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "மனசு வரலை அத்தை" என்றாய். எனக்கும் வரவில்லை. கல்யாணமாகி வந்த வருடம், கார்த்திகைக் கடைசியில் என் மாமியார் அரிவாளோடு கொல்லைக்குப் போய், தழைத்து நின்ற மல்லியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தார். மிச்சமிருந்த இலையையும் உருவிப் போட்டார். அடியில் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டு, "இனி பங்குனிக்குப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். புது மருமகள், வாயைத் திறக்க முடியுமா? அடுக்களையில் போய் அழுதேன். மாசியில் அந்தக் குச்சிகளில் கணுவுக்குக் கணு தளிர் வெடித்தது. பங்குனியில் தளிருக்குத் தளிர் மொட்டு. மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். பழைய கொம்பை அப்படியே விட்டால் இலையாகக் காட்டிக்கொண்டு நிற்கும். வெட்டு என்பது மல்லிக்குத் தண்டனையில்லை, சாப்பாடு மாதிரி.

இந்த வருடம் அந்தக் காலம் போய்விட்டது. இந்த வெயிலில் அரிவாளை எடுத்துவிடாதே. காய்ந்த குச்சிகளை மட்டும் ஒடித்துவிடு. கொடி மாதிரி நீண்டு போகிற நுனிகளைக் கிள்ளு. மேலே முருங்கைக் கிளை கவிந்திருக்கிறது என்றாயே, அதைக் கழித்துவிடு. மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். தினம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்து. ஆள்காட்டி விரலை மண்ணில் விட்டுப் பார். முதல் கணு வரை ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். அடியில் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டால் வேர் சூடேறாது. இப்படிச் செய்தால் சித்திரை முடிவதற்குள் நாலு மொட்டாவது எட்டிப் பார்க்கும். மொட்டு ஊதா நிறமாகிச் சின்ன ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். கிள்ளி எடுத்து அழித்துவிடு. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளி. பாக்கி வேலையெல்லாம் கார்த்திகையில்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? போய் நில். அதுதான் இந்த மாதத்து வேலை.

நான் ஐந்தரைக்குக் கொல்லைக் கதவைத் திறப்பேன். மல்லிச் செடி முன்னால் குந்தினால், அன்று விரியப்போகிற மொட்டு எது, நாளைக்கு உள்ளது எது என்று முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு நாள் பார்த்தால் பிடிபட்டுவிடும். இன்றைய மொட்டு பால் வெள்ளையாக, நுனி உருண்டு, காம்பில் சற்றுக் கனத்துத் தொங்கும். நாளையதில் பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடாதே. வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். விரல் நுனியில் ஒரு குளிர்ச்சி, உழக்கில் விழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். நாலைந்து விழுந்த பிறகு அந்தச் சத்தமும் இல்லை, பூவின் மேல் பூ விழுகிறது. காலையில் மொட்டுக்கு வாசனை இராது. ஈரத்துணியில் சுற்றி வைத்ததைச் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பிரித்தால் வீடே மணக்கும்.

பறிக்கப் போகிறவளுக்கு மற்றதும் கண்ணில் படும். கறிவேப்பிலையில் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது. பட்டாம்பூச்சிப் புழு! அதற்கு ஒரு கிளையை விட்டுக்கொடுத்திருக்கிறேன். செம்பருத்திக்குத் தேன்சிட்டு ஏழு மணிக்கு வருகிறது. கனகாம்பரத்தில் முற்றிய கதிர் மேல் தண்ணீர் பட்டால் காய் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். கொஞ்ச நாளில் நாம் பாத்தி கட்டாத இடத்தில் கன்று முளைத்திருக்கும். உன் மகளை அதன் பக்கத்தில் உட்கார வை, ஒரு மணி நேரம் உன்னைத் தேட மாட்டாள். டெல்லிக் கனகாம்பரம் வாங்காதே. அது விதை வைக்காது, வெடிக்கவும் வெடிக்காது.

நிறையச் செடி வைக்காதே. உனக்கு வேலைக்குப் போகிற உடம்பு. ஒரு மல்லி, ஒரு கனகாம்பரப் பாத்தி, ஒரு செம்பருத்தி, மணத்துக்குக் கொஞ்சம் மரிக்கொழுந்து. நாலு செடியை நாலாகப் பார்க்கலாம். நாற்பது வைத்தால் தண்ணீர் ஊற்றுகிற ஆளாகத்தான் இருப்பாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றும் உண்டு. உன் மாமா தவறிய வருடம், "இனி உனக்கெதுக்குப் பூச்செடி?" என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கார்த்திகையில் நான் வெட்டவில்லை. செடி உன்னுடையது போலவே தழைத்துக்கொண்டு சும்மா நின்றது. மறு வருடம் என்ன தோன்றியதோ, அரிவாளை எடுத்தேன். பங்குனியில் உழக்கு நிறைந்தது. வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று கண்ணி போட்டுக் கட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் ட்யூஷனுக்குப் போகிற அவசரத்தில் வந்து தலையைக் குனிந்து நின்றாள். அன்று முதல் தினம் வருகிறாள். நான் தலையில் வைத்துக்கொள்வதில்லை. பறித்த விரலில் அன்று ராத்திரி வரை வாசனை இருக்கிறது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

திருப்பூர் மண் சரியில்லையோ என்று கடைசியாகக் கேட்டாய். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி இருக்கிறதே, அதற்கு நாற்று பெரும்பாலும் தங்கச்சிமடம், ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர மணலிலிருந்துதான் வருகிறது. ஓரிடத்தில் வேர் விட்டு இன்னோர் இடத்தில் பேர் வாங்குகிற செடி அது. உனக்கும் எனக்கும் தெரியாத சங்கதியா!

நேற்று நம் செடியின் தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்து, கணுவில் லேசாகச் சீவி, மண்ணுக்குள் அமுக்கி மேலே ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். என் மாமியார் கிழவி வெட்டிய அதே செடி. ஆடிக்குள் பதியன் வேர் பிடித்துவிடும். வரும்போது கொண்டு வருகிறேன். காருக்கு இடம் விட்டு, சுவரோரமாக இரண்டடி மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டு வை. கார்த்திகையில் லீவு போடு, நானே வந்து அரிவாளை உன் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்கிறேன்.

அதற்கு முன்னால் உன் செடியில் முதல் மொட்டு வந்தால், எத்தனை என்று எண்ணி எழுது.

அன்புடன்,
உன் அத்தை