பேட்டரியிலிருந்து ஒன்றரை அடி

தம்பிக்கு,

நீ வயரிங் செய்த வெள்ளை ஸ்விஃப்ட், போன வாரம் வைப்பர் வேலைக்காக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் என் கடைக்கு வந்தது. வைப்பரைப் பார்க்கப் போனவன், உன் வேலையைப் பார்த்துக்கொண்டே டிக்கி வரைக்கும் போய்விட்டேன். கம்பெனி ஒயரில் ஒரு வெட்டு இல்லை. கப்ளர் வாங்கிப் போட்டிருக்கிறாய். மெயின் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் அந்த ‘கீ’ சத்தம் துளிகூட இல்லை. ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் எடுத்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் முறுக்கியிருக்கிறாய். இவ்வளவு சுத்தமான கை இந்தத் தெருவில் இன்று எவருக்கும் இல்லை.

இவ்வளவு தெரிந்தவன், ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மெயின் ஒயரின் 60 ஆம்பியர் ஃபியூஸை ஏன் டிக்கியில் போட்டாய்? கைக்கு எட்டும், மாற்றச் சுலபம் என்பாய். மெயின் லைன் ஃபியூஸ் செட்டைக் காப்பாற்ற அல்ல தம்பி, ஒயரைக் காப்பாற்ற. பேட்டரியில் கிளம்பி, இன்ஜின் தடுப்புத் தகட்டில் நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பதினைந்து அடி ஒயர் காவலே இல்லாமல் ஓடுகிறது. நடுவில் எங்கேயாவது தோல் தேய்ந்து பாடியைத் தொட்டால், பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். அந்தக் கரண்ட் உன் ஃபியூஸ் பக்கமே வராது. வண்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகும் இது நடக்கும். அந்த லைனுக்குச் சாவி ஒரு பொருட்டில்லை. பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்துப் போட வேண்டும்.

யாரோ வயரிங் செய்த ஒரு வேன் என் கடை வாசலிலேயே புகைந்திருக்கிறது. தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஆடி ஆடி, தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துவிட்டது. ஸ்பேனரோடு ஓடிப்போய் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

பர்மா பஜாரில் கேசட் செட் வாங்கி வந்து, பத்மினியிலும் அம்பாசடரிலும் மாட்டச் சொல்லும் காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். அந்தப் பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாடியில் கட்டினாலே பாடும். பிறகு வந்த செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் செட்டுக்கே திரும்ப வேண்டும். ஒன்றை எர்த்தில் கட்டினால் ஐசி போய்விடும். பழைய பழக்கத்தில் கட்டி எரித்துவிட்டு, செட் டூப்ளிகேட் என்று வாடிக்கையாளரிடம் சொன்னவர்களை எனக்குத் தெரியும். நீ அதைச் சரியாகச் செய்திருக்கிறாய். மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஒயர் எது எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த டேப்! ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் நீல-வெள்ளை ஒயரை முறுக்கி, மேலே டேப் சுற்றி விட்டிருக்கிறாய். சென்னை மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் டேப் பசை உருகும், சுற்று பிரியும், செம்பு வெளியே எட்டிப் பார்க்கும். நான் தொட்டபோதே கையில் பிசுபிசுத்தது. சால்டர் வைத்து ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு, இல்லையென்றால் சரியான லக் போட்டு, அதற்கான பிளையரில் அழுத்து. டேப் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு. ஜாயின்ட்டுக்கு அது ஆகாது.

பேட்டரியில் உன் மெயின் ஒயரைக் கழற்றி, முனைக்கு ஸ்லீவ் மாட்டி, ஏன் என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். செட் பாடும், சப் ஊஃபர் பாடாது. உன்னிடம்தான் வருவார். ஃபியூஸை முன்னால் மாற்றிக் கொடு. காசு வாங்காதே.