குழுவிலிருந்து நீக்கியும் ஃபைல் திறக்கிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் 40 பேர் இருக்கிறோம். ஃபைல்கள் எல்லாம் கூகுள் டிரைவில். வரவு செலவோடு அட்மின் வேலையும் என் தலையில்தான். மெர்ச்சண்டைசிங், கணக்கு, சாம்பிள், உற்பத்தி என்று துறைவாரியாகக் குழு வைத்திருக்கிறேன். மெர்ச்சண்டைசிங்கிலிருந்து உற்பத்திப் பிரிவுக்கு மாறிய ஒரு தம்பியைப் பழைய குழுவிலிருந்து நீக்கினேன். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "அக்கா, காஸ்டிங் ஷீட் எனக்கு இன்னும் திறக்குது, பரவாயில்லையா?" என்கிறார். குழுவில் அவர் பெயர் இல்லை, பத்துத் தடவை பார்த்துவிட்டேன். மென்பொருளில் கோளாறா? நீக்கினாலும் திறக்கும் என்றால் குழு எதற்கு?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்தத் தம்பிக்கு முதலில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். வாய் திறக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. பல வருடம் அட்மினாக இருப்பவர்கள்கூடக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மென்பொருளில் கோளாறு இல்லை. குழுவில் செய்த மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். இரண்டு வாரம் ஆகாது. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

குழு என்றதும் ஓர் அறை நம் மனதில் வந்துவிடுகிறது. ஆளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் அவர் கைக்கு எட்டாது என்று நினைக்கிறோம். உண்மையில் குழு என்பது வெறும் பெயர்ப் பட்டியல். பூட்டு தொங்குவது ஃபைலிலும் ஃபோல்டரிலும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அணுகல் பட்டியல் உண்டு, அதாவது யார் திறக்கலாம், திறந்து என்ன செய்யலாம் என்று எழுதி ஒட்டிய சீட்டு. 1960களில் மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இன்று நீங்கள் 'ஷேர்' பொத்தானை அழுத்தும்போது விரிகிறதே, அதுவும் அந்தச் சீட்டுத்தான். அதில் குழுவின் பெயரையும் எழுதலாம், தனி ஆளின் பெயரையும் எழுதலாம்.

ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அரிசி அளப்பது கார்டுக்கு. கார்டில் யார் யார் பெயர் என்பது வேறு இடத்தில் முடிவாகிறது. மகள் கல்யாணமாகிப் போனால் பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை நீக்கிப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்கிறோம். கடைக்காரரிடம் போய் "இனி இவளுக்கு அளக்காதீர்கள்" என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் குழுவில் செய்ததும் இதே பெயர் நீக்கல்தான், சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

ஆனால் ரேஷனில் ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்கக் கூடாது. டிரைவில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே ஆள் ஐந்து குழுவில் இருக்கலாம், சீட்டில் தனிப்பெயராகவும் இருக்கலாம். எல்லா வழியிலும் வருகிற உரிமைகளைக் கணினி கூட்டிக்கொள்ளும். ஒரு வழியில் பார்க்க மட்டும், இன்னொரு வழியில் திருத்தவும் அனுமதி என்றால், அவர் திருத்தலாம். தாராளமான உரிமைதான் செல்லும். நீங்கள் அடைத்தது ஒரு வழி. அந்தத் தம்பி வேறொரு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறார், அநேகமாக அவருக்கே தெரியாமல்.

"இவரைத் தவிர மற்றவர்கள்" என்று எழுத முடியாதா என்று கேட்பீர்கள். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்து விண்டோஸ் சர்வர்களில் 'மறுப்பு' என்று ஒரு வகைப் பதிவு உண்டு. அனுமதிகள் எத்தனை இருந்தாலும், பொதுவாக அந்த ஒரு மறுப்பு அவற்றைத் தள்ளிவிடும். பழைய ஆபீஸ் சர்வரில் பழகியவர்கள் டிரைவிலும் அதைத் தேடுவார்கள். டிரைவின் ஷேர் பட்டியலில் மறுப்பு கிடையாது. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது ஒன்றுதான் வழி.

இனி அந்த வேறு வழிகளைப் பார்ப்போம். உங்கள் அலுவலகத்தில் நடந்தது எது என்பதில் எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

ராத்திரி எட்டு மணி இருக்கும். பையர் விலை கேட்டு நெருக்குகிறார். மெர்ச்சண்டைசர் ஒருவர் புது ஸ்டைலுக்கான காஸ்டிங் ஷீட்டின் லிங்க்கை அழுத்துகிறார். அது தவறான ஃபோல்டரில் கிடப்பதால், உங்களுக்கு அனுமதி இல்லை, கேட்டுப் பாருங்கள் என்று திரை சொல்கிறது. கேட்கிறார். வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் உங்கள் போனுக்கு மெயில் வருகிறது. "பாவம், வேலை நிற்கிறதே" என்று அங்கேயே சம்மதம் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த ஒரு தட்டலில் என்ன நடந்தது? குழுவில் ஒன்றும் மாறவில்லை. அந்த ஃபைலின் சீட்டில் அவருடைய தனிப்பெயர் ஏறிவிட்டது. இனி குழுவில் சேர்த்தாலும் எடுத்தாலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. அந்த காஸ்டிங் ஷீட்டைத் திறந்து 'ஷேர்' அழுத்துங்கள். குழுக்களின் பெயர்களுக்கு நடுவே ஒற்றை ஆட்களின் பெயர் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு டிரைவில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, விவரங்கள் காட்டும் பக்கப் பட்டையில் 'ஆக்டிவிட்டி' பகுதிக்குப் போனால், யார் யாருக்கு எப்போது பகிர்ந்தார் என்று தேதியோடு இருக்கும். பல பெயர்களை ஏற்றியது நீங்களாக இருக்காது. எடிட்டர் உரிமை, அதாவது திருத்தும் உரிமை பெற்ற எவரும், நீங்கள் தடுக்காதவரை, பிறருக்கும் பகிரலாம். ஷேர் திரையின் மேலே பல்சக்கரக் குறியை அழுத்தினால் அந்த அனுமதிக்கு ஒரு டிக் இருக்கும். காஸ்டிங் ஷீட்டைப் பொறுத்தவரை அதை இன்றே எடுத்துவிடுங்கள். நூல் விலையிலிருந்து டையிங், தையல் கூலி, லாபச் சதவீதம்வரை ஒரே பக்கத்தில் இருக்கும் தாள் அது.

தனிப்பெயர் இல்லை என்றால் அடுத்து மேல் ஃபோல்டரைப் பாருங்கள். மேலே கொடுத்த உரிமை கீழே உள்ள எல்லாவற்றுக்கும் வழிந்து இறங்கும். இதை மரபுரிமை என்பார்கள், தாய் ஃபோல்டரின் அனுமதி பிள்ளை ஃபோல்டருக்கு வருவது. ஒரு சீசனின் பெரிய ஃபோல்டரை உற்பத்திக் குழுவுக்குத் திறந்துவிட்டு, அதற்குள்ளேயே 'காஸ்டிங்' என்று ஒரு சின்ன ஃபோல்டர் வைத்திருந்தால், புதுக் குழுவின் வழியாகவே அவர் அதைப் பார்ப்பார். ரகசியமானதைப் பொதுவானதற்குள் வைத்துப் பூட்டத் தேடுவதைவிட, அதை வெளியே தனி ஃபோல்டராக எடுத்து வைப்பது நல்லது.

குழுவுக்குள் குழுவும் ஒரு வழிதான். 'அனைவரும்' என்ற குழுவுக்கு ஒரு சுற்றறிக்கைக்காக உரிமை கொடுத்து, பிறகு மறந்திருப்போம். லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம் என்ற அமைப்பில் ஃபைல் இருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், குழு, பட்டியல் எதற்கும் அங்கே வேலையில்லை. அதை உடனே 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் விஷயத்தில் இதுவும் நடந்திருக்கலாம். அந்த ஷீட்டை உருவாக்கியதே அந்தத் தம்பியாக இருந்தால்? டிரைவில் தன் சொந்த இடத்தில் ஒருவர் உருவாக்கும் ஃபைலுக்கு அவரே உரிமையாளர். எந்தக் குழுவிலிருந்து எடுத்தாலும் உரிமையாளரை வெளியே அனுப்ப முடியாது. உரிமையை வேறொருவர் பெயருக்கு மாற்றினால்தான் முடியும். நாளை அவர் வேலையை விட்டுப் போய், நீங்கள் அவர் கணக்கை அழித்தால் சிக்கல் இன்னும் பெரிது. அழிக்கும்போதே ஃபைல்களை வேறொருவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தவறிவிட்டால் அந்தக் கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம்.

இதற்கெல்லாம் பகிர்ந்த டிரைவ் என்ற வசதி நல்ல மாற்று. அதில் இருக்கும் ஃபைல்களுக்கு நிறுவனம்தான் சொந்தக்காரர், ஆள் போனாலும் ஃபைல் போகாது. உங்கள் சந்தாவில் அது உண்டா என்று பாருங்கள். அதில் உரிமைக்கு ஐந்து படிகள் இருக்கின்றன, எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் 'பங்களிப்பாளர்' படி. அவர் ஃபைல் சேர்க்கலாம், திருத்தலாம். இடம் மாற்றவோ அழிக்கவோ முடியாது. சாம்பிள் பிரிவில் அவசரத்தில் ஃபோல்டரை இழுத்து எங்கோ போட்டுவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்குரிய படி இதுதான். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது, நீங்கள் மாற்றாவிட்டால், இதற்கு ஒரு படி மேலே இருக்கும் 'உள்ளடக்க மேலாளர்' உரிமை தானாகப் போய்விடும். அவர் அழிக்கவும் செய்யலாம். சேர்க்கும் முன் அந்தப் பெட்டியை ஒருமுறை பாருங்கள்.

சரி, குழு எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 40 பேர், 60 ஃபோல்டர் என்றால், ஆளுக்கு ஆள் தீர்மானிக்க 2,400 முடிவுகள். ஆறு குழு வைத்தால் அதிகபட்சம் 360, அதையும் ஒரு முறை செய்தால் போதும். அதன்பின் ஒருவர் துறை மாறினால் செய்ய வேண்டியது ஒரு நீக்கல், ஒரு சேர்ப்பு. உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் பார்க்கும் பொறுப்புக்குக் கொடுப்பது என்ற இந்த முறையை, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992இல் ஒரு கட்டுரையில் ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கு பலிக்க ஒரே நிபந்தனை, சீட்டில் குழுக்களின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ஒரு தனிப்பெயர் நுழைந்தாலும் அந்த ஆளைப் பொறுத்தவரை குழுவிலிருந்து நீக்குவதால் பயன் இல்லாமல் போகிறது, உங்களுக்கு நடந்ததுபோல.

குழுவுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நான் உதவப் போன ஓர் அலுவலகத்தில் 'மாடி டீம்' என்று ஒரு குழு இருந்தது. கணக்குப் பிரிவு மாடியில் இருந்த காலத்தில் யாரோ வைத்த பெயர். பிறகு கணக்குப் பிரிவு கீழே வந்துவிட்டது, மாடிக்கு டிசைன் பிரிவு போனது. புதிதாக வந்த டிசைன் பிள்ளைகளை அட்மின் நல்லெண்ணத்தோடு 'மாடி டீம்' குழுவில் சேர்த்துக்கொண்டே வந்தார். சம்பளப் பட்டியல் அத்தனை பேருக்கும் திறந்து கிடந்தது. இடத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ வைக்காமல், 'காஸ்டிங் திருத்துவோர்', 'காஸ்டிங் பார்ப்போர்' என்று வேலையைச் சொல்லும் பெயராக வையுங்கள். பெயரைப் பார்த்தாலே யாரைச் சேர்க்கலாம் என்று தெரிய வேண்டும்.

உரிமையை எடுத்தால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கும் இருக்கிறது. 1975இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை ஒன்றில் 'குறைந்தபட்ச உரிமை' என்ற கொள்கை வருகிறது, வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுப்பது. இது ஊழியருக்கும் பாதுகாப்பு. நாளை நம் விலை போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு பேச்சு எழுந்தால், ஷீட்டைத் திறக்க முடிந்தவர்கள் எல்லோர் மேலும் பார்வை திரும்பும். தானாக வந்து சொன்ன பிள்ளை அந்தப் பட்டியலில் நிற்கலாமா? அவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தனிப்பெயர்களை எடுத்து, ஃபோல்டரை வெளியே கொண்டுவந்து எல்லாம் முடித்தபின், அவரையே கூப்பிட்டு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லை என்று திரை வரும். அதிலும் அனுமதி கேட்கும் பொத்தான் இருக்கும், பழக்கத்தில் அவர் அழுத்திவிடக்கூடும். உங்கள் போனுக்கு மெயில் வந்தால், தோசையைத் திருப்பிப் போடுங்கள், சம்மதம் கொடுக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.