உடம்புக்கும் பழக்கம் உண்டு: இடுப்பு வலி பற்றி ஒரு குழுப் பாடம்



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்ன விளையாட்டோடு ஆரம்பிப்போம். எல்லோரும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கை மேலே இருக்குன்னு பாருங்கள். இப்போது அதை மாற்றிக் கட்டுங்கள். என்னமோ மாதிரி இருக்கிறதா? பழகினது சரி, பழகாதது தப்பு என்று உடம்பு சொல்கிறது. தண்ணிக் குடத்தை எந்த இடுப்பில் வைப்பீர்கள் என்று கேட்டாலும் யோசிக்காமல் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டுவீர்கள். அடுத்த பக்கம் வைத்தால் குடம் நிற்காது என்பீர்கள்.

இந்தப் பழக்கத்துக்கும் நம் இடுப்பு வலிக்கும் சம்பந்தம் உண்டு.

நம் வேலையும் நம் உடம்பும்

பொட்டிபுரம், போடிப் பக்கம் ஏலக்காய் வேலைக்குப் போகிற பெண்களில் ஒரு பகுதியினர் காலையிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு தாண்டித் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளர்ந்தாலும் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படரும், காய் அதில்தான். முற்றிய காயாகப் பார்த்து எடுக்கணும். அதனால் நாள் முழுக்கக் குனிவுதான். இன்னொரு பகுதியினர் ஊருக்குள் உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். அங்கே குனிவது கழுத்து. நம் தலை சுமார் 5 கிலோ கனம். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! தலை முன்னால் போகப் போகப் பிடரித் தசை அப்படித்தான் பாரம் தாங்குகிறது.

சாயங்காலம் வலி மாத்திரை போட்டு மறுநாள் கிளம்பிவிடுகிறோம். டாக்டரைக் கேட்காமல் அதையே வருஷக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். மூட்டையை மூச்சடக்கித் தூக்கும்போது அழுத்தம் அடிவயிறு வரை இறங்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்குவதற்கு பாரம் தூக்குவதும் ஒரு காரணம். இதை நாம் வெளியே சொல்லக்கூடக் கூச்சப்படுகிறோம்.

கண்ணாடி முன் நின்றவர்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869ல் பிறந்தவர் எஃப்.எம்.அலெக்சாண்டர். மேடையில் நாடக வசனம் பேசுவது அவர் தொழில். பேசப் பேசக் குரல் கட்டிக்கொண்டது. ஓய்வெடுத்தால் சரியாகும், மேடை ஏறினால் திரும்ப வரும். அப்படியானால் பேசும்போது நாமே ஏதோ செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேச வாய் திறக்கும் முன்பே தலை பின்னால் இழுபட்டு, தொண்டை அழுந்தியது. அதை நிறுத்திவிட்டதாக நினைத்துப் பேசினார். கண்ணாடியிலோ தலை பழையபடியே பின்னால் போனது! தன் உடம்பு தனக்குச் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் நின்று, கவனித்து, பிறகு செய்யப் பழகினார். மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

தீராத முதுகு வலி உள்ள 579 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2008ல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களுக்கு 4 வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. இந்த முறையில் 24 பாடம் படித்தவர்களுக்கு அது 3 நாளாகக் குறைந்திருந்தது.

கண்ணாடிக்கு எங்கே போவது? நம் குழுவே கண்ணாடி.

செய்து பார்ப்போம்

1. இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். ஒருவர் சுளகில் காய் பொறுக்கட்டும். மற்றவர் 5 நிமிஷம் மூன்றை மட்டும் பார்க்கட்டும்: கழுத்து எங்கே இருக்கு? தோள் ஏறி இருக்கா? மூச்சு ஓடுதா? கேலி வேண்டாம், கண்டதைச் சொன்னால் போதும். பிறகு இடம் மாறுங்கள்.

2. "நிமிர்ந்து உட்காரு" என்றால் நெஞ்சைத் தள்ளி விறைப்போம். இரண்டு நிமிஷத்தில் தொய்வோம். அதற்குப் பதில், கை சுளகுக்குப் போகும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள். கழுத்தைத் தளர விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

3. மடித்த சாக்கின் மேல் உட்காருங்கள். சுளகைப் பலகையில் உயர்த்தி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்.

4. தோட்டத்தில் முதுகை வில்லாக வளைக்காமல், தொடை சேரும் இடத்தில் மடங்குங்கள், முழங்காலையும் மடக்குங்கள். முடிந்த இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றுங்கள். மூட்டையை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

5. தண்ணி எடுக்கையில் ஒரு நடைக்கு ஒரு பக்கம் என்று இடுப்பை மாற்றுங்கள். முதலில் கோணலாகத்தான் தெரியும். கை கட்டி விளையாடியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, ஒன்றுக்கு, ரெண்டுக்கு அடக்க முடியாமல் போனாலோ, பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடம்பைக் கவனிப்பது என்றால் எல்லா வேலையையும் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. கிலோ கணக்கில் கூலி என்றால் எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்? பலகையும், நடுவில் ஓய்வும் ஒருத்தி கேட்டால் சலுகை என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும். எங்கே வலிக்கிறது, எந்த வேலையில் வலிக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் தெளிவாகக் கேட்க முடியும்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நாம் வலியை யாரிடமும் சொல்லாமல் இருப்பது ஏன்?
• உங்கள் ஜோடி உங்களிடம் கண்ட பழக்கம் எது? உங்களுக்கு அது முன்பே தெரியுமா?
• வேலை இடத்தில் எந்த ஒரு மாற்றத்தைச் சேர்ந்து கேட்கலாம்? யார் யார் போய்ப் பேசுவது?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் வேலையாக வாசியுங்கள்.